நிறம் போடாத கடல்

"இதுல கை நிக்கவே மாட்டேங்குது மக்ளே. நான் போறேன்."

ஏசுவடியான் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. பாடம் சொல்லித்தரும் பெனிட்டாவுக்கு இருபத்தாறு. நாகர்கோவிலில், அவள் வீட்டு முன்னறையில், மூன்று வாரமாக இது நடக்கிறது.

மேசையில் இருந்தது படம் வரைகிற பெரிய டேப்லெட். சார்ட் பேப்பரை நாலாக மடித்த அகலம். பெனிட்டாவின் அப்பா கிறிஸ்துதாஸ் வைத்திருந்தது. போன ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே தாளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பிள்ளைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டவர்கள் அவர்கள் இருவரும். கோடு கிறிஸ்துதாஸ். நிறம் ஏசுவடியான். ஒருவருக்கு நேராக இருக்கும் படம் மற்றவருக்குத் தலைகீழ். தலைகீழாகவே பார்த்துக் குறை சொல்வார்கள். ஒரு டம்ளரில் தண்ணீர், பக்கத்து டம்ளரில் டீ. பிரஷ்ஷை டீயில் முக்கிய நாட்கள் உண்டு. தெரியாமல் அதைக் குடித்த நாட்களும் உண்டு.

பிறகு டேப்லெட் வந்தது.

"கண்ணாடியில நான் நிறம் போட மாட்டேன்" என்று எழுந்து போனவர்தான் ஏசுவடியான். மூன்று வருஷம் அந்தப் படி ஏறவில்லை. அடக்கத்துக்குத்தான் வந்தார்.

கிறிஸ்துதாஸின் கடைசிப் புத்தகம் பாதியில் நின்றுபோயிருந்தது. நீங்கள்தான் முடித்துத் தர வேண்டும் என்று பதிப்பகத்தார் ஏசுவடியானைக் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

"வசதிதான், இல்லேன்னு சொல்லல," என்றார் அவர். "காயக் காத்துக் கிடக்க வேண்டாம். காலையில அனுப்பினா, படத்து மேலேயே சிவப்புல திருத்தம் எழுதி மத்தியானமே திருப்பி அனுப்புறாங்க. ஆனா தாள்ல அழிச்சாலும் தடம் இருக்கும் மக்ளே. இதுல என்ன இருக்கு? அவன் கை பட்ட அடையாளம் ஒண்ணு காட்டு, பாப்போம்."

பெனிட்டா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அப்பா கடைசியாகப் போட்ட பக்கத்தைத் திறந்து, மூலையில் ஒரு இடத்தைத் தொட்டாள்.

படம் மறைந்தது. வெள்ளைத் திரையில் ஒரு கோடு தானாக ஓடத் தொடங்கியது. போட்டது, அழித்தது எல்லாவற்றையும் டேப்லெட் பதிந்து வைத்திருந்தது.

ஒரு பாறை வந்தது. ஒரு வள்ளம் வந்தது. வலை தூக்கிய ஆள் வந்தான். அவன் நெற்றி சிறுத்துப்போய், அழிந்து, மறுபடி அகலமாக வந்தது.

"நெத்தி அவனுக்கு ஒருநாளும் ஒரே தடவையில வராது," என்றார் ஏசுவடியான்.

அடுத்து கடல் நீலமானது. அழிந்தது. வேறு நீலம். அதுவும் அழிந்தது.

"கறுத்துப்போச்சு."

நாலாவது நீலம்.

"சே, சுவத்துக்கு அடிக்கிற பெயின்டு."

ஆறாவது நீலத்துக்கு அவர் திரை மேல் குனிந்துவிட்டார்.

"லேய் தாசு, எத்தன தடவ சொல்லியிருக்கேன்! முட்டத்துக் கடலு விடியக்காலம் இப்படியா கிடக்கும்?"

ஒன்பதாவதும் அழிந்தது. கடல் வெள்ளையாகவே நின்றது.

"மிச்சம்?"

"அவ்ளோதான் மாமா. நிறம் போட வேற ஆள் அனுப்புறோம்னு பதிப்பகத்துல சொன்னாங்க. அப்பா வேண்டாம்னுட்டார்."

ஏசுவடியான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பெனிட்டா பேனாவை நீட்டினாள்.

"எந்த நீலம் மாமா?"

வாங்கிக்கொண்டார்.

"நீலமா? மொதல்ல பச்சை."