நீதி மண்டபத்துச் சுரைக்கொடி

கருவேங்கை நாட்டை ஆண்ட செங்கோடவர்மனுக்குப் பெருமைகள் பல உண்டு. அவற்றுள் அவன் நாவில் நாள்தோறும் புரண்டது ஒன்றே. தன் நீதி மண்டபத்தில் எந்த வழக்கும் ஒரு நாளைத் தாண்டி நிலுவையில் நின்றதில்லை என்பான். அயல்நாட்டுத் தூதர்கள் வியப்பார்கள். மந்திரிகள் தலையசைப்பார்கள். தலைமை நீதிபதி ஆபத்சகாயர் மட்டும் அடக்கமாகத் தரையைப் பார்ப்பார். அந்த அடக்கத்தைக் கண்டாலே அவைப்புலவர் வடிவாம்பிகைக்கு ஐயம் பிறக்கும்.

ஒருநாள் அரசன் அவளை அழைத்தான்.

"புலவரே, நம் நீதியின் விரைவைக் கல்லில் பொறிக்கப் போகிறேன். அதற்கு ஒரு பாட்டு வேண்டும். பௌர்ணமியன்று விருந்து வைத்துக் கல்லைத் திறக்கிறோம்."

"காணாததைப் பாடிப் பழக்கமில்லை, அரசே. மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

"தாராளமாகப் பாருங்கள். குறை ஒன்றை மெய்ப்பித்தால் கல்லை உடைத்துவிடுகிறேன். இல்லையென்றால் பாட்டில் ஆபத்சகாயரின் பெயர் மூன்று இடத்தில் வர வேண்டும்."

மூன்று இடம் என்றதும் வடிவாம்பிகைக்கு நாக்குக் கசந்தது. மறுநாள் விடிந்ததும் புறப்பட்டாள்.

மண்டபத்து வாசலில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. உள்ளே பித்தளை விளக்கு எரிந்தது. அது எரியும் வரைதான் விசாரணை என்பது அங்கே மரபு. ஆபத்சகாயர் தமக்கு வேண்டிய இரண்டொருவரை அழைத்து விசாரித்தார். பிறகு தாம்பூலம் தரித்தார். பிறகு கண்ணயர்ந்தார். பொழுது சாய்ந்ததும் எழுந்து விளக்கை அமர்த்தினார். வாசலில் காவலன் கோலைத் தட்டினான்.

"விளக்கு அணைந்தது, வழக்கும் முடிந்தது. எழுந்திருங்கள். நாளைக்கு வருகிறவர்கள் புது வழக்காக வந்து வரிசையில் நில்லுங்கள்."

வடிவாம்பிகைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழக்குகள் அங்கே தீரவில்லை. மாலைதோறும் செத்தன, காலைதோறும் பிறந்தன. பிறந்த அன்றே சாகும் வழக்குக்கு வயது எப்படி ஏறும்? ஆனால் விளங்கினால் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். காவலனும் எழுத்தரும் நீதிபதியின் ஆட்கள். வாசலில் இருப்பவர்களைக் கேட்டால், எல்லாரும் இன்று வந்தவர்கள் என்று அவர் சாதித்துவிடுவார்.

அப்போதுதான் மதிலின்மேல் படர்ந்திருந்த சுரைக்கொடி அவள் கண்ணில் பட்டது. பூவும் பிஞ்சுமாகத் தழைத்திருந்தது. அதன் அடியில் ஒருத்தி குந்தியிருந்தாள்.

"இந்தக் கொடியை யாரம்மா வைத்தது?"

"நான்தான் தாயி. மஞ்சநல்லூர் பேச்சாயி. நீதிபதி ஐயாவோட மச்சினன் என் சினை எருமையை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். அந்த எருமைதான் எனக்குச் சோறு. ஆனியிலே முறையிட வந்தேன். முந்தானையிலே சுரை வெதை முடிஞ்சிருந்தது. சும்மா ஏன் குந்தியிருக்கணும்னு வந்த அன்னைக்கே ஊனி வச்சேன். கால் கழுவுற தண்ணியிலேயே மதிலேறிடுச்சு."

"இப்போது புரட்டாசியாயிற்றே."

"ஆமா தாயி. கொடியே காய்ச்சிடுச்சு. என்னைத்தான் இன்னும் கூப்பிடலை. எருமை இந்நேரம் கன்னு போட்டிருக்கும். பாலை அவன் வீட்டிலே குடிக்கிறாங்க."

"பௌர்ணமியன்று எனக்கு நாலு காய் தருவாயா?"

"பறிச்சுக்க தாயி. இப்போ காவல்காரருதான் தின்னுக்கிட்டிருக்காரு."

பௌர்ணமி நண்பகல். அரண்மனையில் தலைவாழை இலை விரித்து விருந்து நடந்தது. அரசனுக்கு இடப்பக்கம் ஆபத்சகாயர் புதுப் பட்டு உடுத்தி அமர்ந்திருந்தார். அரசன் ஒரு கூட்டை மட்டும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினான்.

"சுரைக்காய்க்கு இத்தனை சுவையா? எந்தத் தோட்டத்துக் காய்?"

"தங்கள் நீதி மண்டபத்து வாசலில் காய்த்தது, அரசே. இன்று காலை பறித்தது" என்றாள் வடிவாம்பிகை.

ஆபத்சகாயரின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"நீதி மண்டபத்தில் சுரைக்காயா?" அரசன் கை கழுவி எழுந்தான். அவை முழுவதும் அவன் பின்னால் நடந்தது.

வாசலில் பேச்சாயி எழுந்து கும்பிட்டாள்.

"இவள் எப்போது வந்தவள்?" என்று அரசன் கேட்டான்.

ஆபத்சகாயருக்குப் பழகிய விடை தானாக வந்தது. "இன்று காலை வந்தவள், அரசே. இன்று பிறந்த வழக்கு."

"இந்தக் கொடியை ஊன்றியது நீயா? எப்போது, அம்மா?" என்று அரசன் அவளைக் கேட்டான்.

"நான் வந்த அன்னைக்கே சாமி. இங்க இருக்கிறவங்க எல்லாரும் பார்த்தவங்கதான்."

வாசலில் இருந்தவர்கள் ஒருசேரத் தலையசைத்தார்கள். அரசன் வேரைப் பார்த்தான். மதிலுச்சியைப் பார்த்தான். விரல் பருமனான தண்டைத் தொட்டுப் பார்த்தான்.

வடிவாம்பிகை முன்னே வந்தாள். "பாட்டுக்குப் பொருள் கிடைத்துவிட்டது, அரசே. தலைமை நீதிபதி பொய் சொல்வாரா? இவள் இன்று காலைதான் வந்தாள். வந்ததும் விதை ஊன்றினாள். நண்பகலுக்குள் அது மதிலேறி, பூத்து, காய்த்து, தங்கள் இலைக்கும் வந்துவிட்டது. இப்படி ஒரு மண் வேறெந்த நாட்டில் உண்டு? விளக்கையும் வழக்கையும் விடுங்கள். கல்லில் இந்த அதிசயத்தைப் பொறிப்போம்."

அரசனின் முகம் முதலில் சிவந்தது. பிறகு மீசை துடித்தது. பிறகு மதிலில் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"கல்லை உடையுங்கள்" என்றான். அந்தப் படியிலேயே அமர்ந்து பேச்சாயியின் வழக்கைக் கேட்டான். எருமையையும் கன்றையும் நீதிபதியின் மைத்துனனே மஞ்சநல்லூர் வரை ஓட்டிச்சென்று கட்டிவிட்டு வர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வாசலில் ஓர் ஆள் மீதமிருந்தாலும் விளக்கை அணைக்கக் கூடாது என்று ஆணையும் பிறந்தது. தன் கைக் கடகத்தைக் கழற்றி வடிவாம்பிகைக்கு அணிவித்தான். ஆபத்சகாயரைப் பதவியிலிருந்து இறக்கினான்.

அவர் கைகட்டி நின்றார். "அரசே, என் தரப்பில் ஒரு முறையீடு உண்டு. அதைக் கேட்டருள வேண்டும்."

அரசன் திரும்பினான். புலவரின் முகத்தைப் பார்த்தான்.

"கேட்காமல் விடுவோமா, ஐயா?" என்றாள் வடிவாம்பிகை. "நாளைக் காலையில் வாசலுக்கு வாருங்கள். வரும்போது ஒரு விதையும் கொண்டு வாருங்கள்."