ஆத்துப் புத்தகமும் மூணாவது தீவும்

ஒரு ஆத்துல ஒரு படகு. அது சும்மா போய்க்கிட்டு இருந்தது, டொம்முனு மணல்ல முட்டிக்கிச்சு. முட்டின வேகத்துல படகுல நின்ன பசு ‘ம்மா’ன்னு கால் மடங்கி உக்காந்துடுச்சு.

“என்னடி இப்படி ஓட்டுற?”ன்னு மாமியார் கத்தினா.

“வலது பக்கம் போன்னு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது நீங்கதானே அத்தை!”ன்னு மருமக கத்தினா.

மாமியார் பேரு தபித்தா. மருமக பேரு கெசியா. ம் சொல்லு.

ஆங். அமெரிக்காவுல ஒஹையோன்னு ஒரு ஆறு. கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா எப்படி இருக்கும், அந்த அகலம். ரயிலெல்லாம் வர்றதுக்கு முந்தின காலம். புதுசா குடியேறப் போறவங்க பசு, கோழி, சட்டி பானை எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஆத்தோட போவாங்க. படகுன்னா கூரை வச்ச பெரிய மரப்பெட்டிதான். பின்னாடி நீளமா ஒரு துடுப்பு. அதை வச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பலாம், அவ்வளவுதான். ஆத்தை எதிர்த்து மேல வரவே வராது. ஒரு இடத்தைத் தாண்டிட்டா தாண்டினதுதான்.

கெசியா புருஷன் அமாஸ் முன்னாடியே போய்ட்டான். போறப்போ சொன்னான்: “மூணாவது தீவுக்கு இடது பக்கம் ஒரு ஓடை வந்து ஆத்துல விழும். அங்க நிப்பேன். வலது பக்கம் போய்டாதீங்க. தீவு மறைச்சிடும், நான் கத்தினாலும் கேக்காது.”

அப்போ வழி? அதுக்குத்தான் புத்தகம். ஆத்துல போற எல்லாரும் ஒண்ணு வாங்கி வச்சிருப்பாங்க. முதல் தீவு, வலது பக்கம் போ. ரெண்டாவது தீவு, வலது பக்கம் போ, இடது பக்கம் முழுக்கப் பாறை. மூணாவது தீவு, ரெண்டு பக்கமும் போகலாம். இப்படியே போட்டிருக்கும். தபித்தா அந்தப் புத்தகத்தை மருமக கையில கொடுக்கவே மாட்டா. கெசியா துடுப்பை மாமியார் கையில கொடுக்க மாட்டா.

அப்புறம், முதல் தீவோட மணல்ல முட்டின படகை எப்படி எடுக்கிறது? கழியை ஊனித் தள்ளினாங்க. அசையல. சட்டி பானையை எல்லாம் பின்பக்கம் நகத்தினாங்க. அசையல. அப்புறம் கெசியா பசுவை இறக்கி விட்டா. தொப்புனு பசு இறங்கிச்சு, படகு லேசா எழும்பிச்சு, சர்ருனு நழுவிச்சு. படகைக் கயித்துல கட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா பசுவைக் காணோம்!

பசு தீவுக்குக் குறுக்கே நடந்து அந்தப் பக்கம் போய்டுச்சு. தபித்தா பாவாடையைத் தூக்கிக்கிட்டு ஓடினா. சளக் சளக். பிடிச்சுக்கிட்டு வந்தப்போ பசுவுக்கும் முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு, அவளுக்கும் முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு.

“சிரிக்காம ஓட்டு. முதல் தீவு தாண்டியாச்சு”ன்னா.

அப்புறம் கொஞ்ச தூரம். ஒரு பெரிய மரம், வேரு அடியில மாட்டிக்கிட்டு, தலை மட்டும் எழும்புது, முங்குது, எழும்புது, முங்குது. கெசியா திருப்புறதுக்குள்ள க்ர்ர்ர்னு படகு அடியை உரசிச்சு. கோழியெல்லாம் கொக்கொக்கோன்னு பறக்குது.

“இந்த மரம் புத்தகத்துல இருக்கா அத்தை?”

“நேத்து விழுந்த மரத்தைப் புத்தகம் எப்படிடி சொல்லும்?”

தூங்கிட்டியா? ம்? சரி.

அப்போ, தூரத்துல அடுத்த தீவு வந்துச்சு.

“ரெண்டாவது. வலது பக்கம் திருப்பு”ன்னா தபித்தா.

கெசியா திருப்பல. “அத்தை, பசுவைப் பிடிக்கப் போனீங்களே, தீவு நடுவுல எப்படி இருந்துச்சு?”

“சேறா இருந்துச்சு. திருப்புடி.”

“மரம் இருந்துச்சா?”

“புல்லுகூட இல்ல. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பள்ளம். மீன் ஒண்ணு செத்துக் கிடந்து நாறிச்சு, அதையும் மிதிச்சேன்...”

அதோட வாயை மூடிட்டா. தீவு நடுவுல மீன் ஏது?

புத்தகம் எழுதினவங்க ஆறு நிறைய ஓடறப்போ எழுதினாங்க. இவங்க வந்தது தண்ணி வத்தின காலம். அந்தப் பள்ளத்துல தண்ணி ஓடினா, அது ஒரு தீவு இல்ல, ரெண்டு. அப்போ எதிர்ல வர்றது ரெண்டாவது இல்ல. மூணாவது. அமாஸ் நிக்கிற இடம்.

“நீ நினைக்கிறது தப்பா இருந்தா? இடது பக்கம் பாறைடி. படகு தூள் தூளாய்டும்.”

“வலது பக்கம் போய், அது தப்பா இருந்தா? அவரை விட்டுட்டுப் போய்டுவோம் அத்தை. திரும்பி வர முடியாது.”

ஆறு இழுக்குது. தீவு கிட்ட கிட்ட வருது. தபித்தா ஒரு தடவை வலது பக்கம் பார்த்தா, ஒரு தடவை இடது பக்கம் பார்த்தா. அப்புறம் புத்தகத்தை மூடி இடுப்புல செருகிக்கிட்டு, நேரா துடுப்புக்கிட்ட வந்தா.

“நகரு. சேர்ந்து இழுப்போம்.”

ரெண்டு பேரும் இழுத்தாங்க. ஏலே... இழு. ஏலே... இழு. படகு இடது பக்கம் திரும்பிச்சு. திரும்பினா, சளசளசளன்னு சத்தம், வெள்ளையா நுரை!

“பாறை!”ன்னு தபித்தா கண்ணை மூடிக்கிட்டா.

பாறை இல்ல கண்ணு. ஓடை வந்து ஆத்துல விழுற சத்தம். அதுக்குப் பக்கத்துல பூம்ம்ம், பூம்ம்ம்னு யாரோ தகரக் கொம்பு ஊதறாங்க. கெசியா கயித்தை வீசினா, அமாஸ் தாவிப் பிடிச்சு மரத்துல கட்டினான்.

“ஏண்டா, சத்தம் கொடுக்கிறதுக்கு உனக்கு இவ்வளவு நேரமா?”ன்னு தபித்தா திட்டினா.

“நேத்துல இருந்து ஊதறேன்மா. உதடு வீங்கிப்போச்சு, பாரு.”

கதையைக் கரையில கட்டியாச்சு. நீ தூங்கு. அவங்க இன்னும் தூங்கல. நெருப்பு மூட்டிச் சுத்தி உக்காந்திருந்தாங்க. கட்டப்போற வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம்னு அமாஸ் குச்சியால தரையில கோடு போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தான். கெசியா அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. கொப்புளம் போட்ட அவ உள்ளங்கையைத் தபித்தா தன் மடியில இழுத்து வச்சு வெண்ணெய் தடவிக்கிட்டு இருந்தா.