அச்சு அசல் போர்டு

2017 ஜூலை 12 காலை பத்து மணிக்கு, இருபது சர்க்யூட் போர்டுகள் வெளிக் கம்பெனியிலிருந்து வந்து இறங்கியபோது, கனகவல்லியின் வேலை ஆட்டம் கண்டது. கோவை கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் மாதிரி போர்டுகளை ரசாயனத் தட்டில் அரித்து எடுப்பவள் அவள். இனி எல்லாம் வெளியில்தான், அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடலாம் என்பது புது மேனேஜர் ஜெயசீலனின் கட்சி.

முதலாளி முன்னால் அவர் பளபளக்கும் ஒரு போர்டைத் தூக்கிக் காட்டினார். "சாயங்காலத்துக்குள்ள இதே மாதிரி ஒண்ணு உன் தட்டுல பண்ணிடுவியாம்மா?"

கனகவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதே மாதிரியேங்களா சார்?"

"அச்சு அசலா! ஒரு கோடு மாறக்கூடாது."

"முதலாளியும் கேட்டுக்கிட்டாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குக் கொண்டுவந்து வைத்தாள். ஜெயசீலன் சிப்பைப் பொருத்திப் பார்த்தார். சிப்பின் கால்கள் இடவலம் மாறி விழுந்தன. "பாத்தீங்களா சார், கண்ணாடியில தெரியற மாதிரி பண்ணி வெச்சிருக்கா. குப்பை!"

"அதே சிப்பை உங்க போர்டுல வெச்சுப் பாருங்க சார்."

வைத்தார். அதுவும் குப்பைதான். கனகவல்லி சர்க்யூட் படத்தைத் தாளிலிருந்து செம்புத் தகட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுப்பவள். ஒற்றும்போது நேராக விழவேண்டும் என்பதற்காகத் தாளில் இடவலம் மாற்றி அச்சிடுவாள். அதைப் பார்த்திருந்த மேனேஜர், ஒற்றாமலே போர்டு செய்யும் வெளிக் கம்பெனிக்கும் படத்தை மாற்றியே அனுப்பியிருந்தார்.

கனகவல்லி ஏப்ரன் பையிலிருந்து இன்னொரு போர்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். "சரியானது இதுங்க. நேரம் மிச்சம் இருந்துச்சு."

ஆகஸ்ட் 21 அன்று, கனகவல்லி கையெழுத்திடாத எந்தப் படமும் வெளியே போகக்கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. கீழே கையெழுத்து ஜெயசீலனுடையது.