நிழலை மிதித்தவள்

"பொம்பளைக் காலுதானே, சின்ன அரிவாளே போதும்."

மதிலுக்கு அப்பால் காவலாளி யாரிடமோ சொன்னது, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மாடத்தியின் காதில் விழுந்தது. கையிலிருந்த துடைப்பம் நழுவியது.

முந்தின நாள் சாயங்காலம் ஜமீன்தாரின் நிழல் முற்றம் முழுக்க நீண்டு கிடந்தபோது, அதன் நுனியைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். அவர் நிழலை மிதித்தவருக்குக் கால் கிடையாது. அதுதான் அங்கே சட்டம்.

விசாரணையில் அவள் கைகூப்பினாள். "தப்புத்தான் எசமான். ஆனா உச்சி வெயில்ல, ஊர் பார்க்க வெட்டச் சொல்லுங்க. நாலு பேருக்குப் பயம் வரட்டும்."

ஜமீன்தாருக்கு உள்ளம் குளிர்ந்தது. "கழுதைக்கும் புத்தி இருக்கே."

உச்சிவேளையில் ஊர் கூடியது. ஜமீன்தார் நடு முற்றத்தில் வந்து நின்றார். அரிவாள்காரன் கையை ஓங்கினான்.

"ஒரு சந்தேகம் எசமான்," மாடத்தி நிமிர்ந்து கேட்டாள். "யார் மிதிச்சாலும் இதே சட்டந்தானே?"

"எவனா இருந்தாலும் கால் தப்பாது."

"அப்ப, உங்க நிழல் இப்ப எங்க எசமான்?"

ஊரே குனிந்து பார்த்தது. நேற்று முற்றமெல்லாம் நீண்டிருந்த நிழல், சுருங்கி அவர் பாதங்களுக்கு அடியில் கிடந்தது. அரிவாள்காரன் அவள் காலையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஜமீன்தார் மெதுவாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.