துரை சொன்ன நைஸ்

வெள்ளைக்காரர் கப்பலேறி வந்து கடை விரிக்கத் தொடங்கிய காலத்தில், மணலூர்ச் சீமையைக் குமாரமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். பாடுவார், அது ஒன்றுதான் குறை. அவர் தொண்டையைக் கனைத்தாலே அவையில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

விருந்துக்கு வந்த பென்டன் துரை, ராஜாவின் பாட்டை முழுதும் கேட்டுவிட்டு, "நைஸ்" என்றான். அப்படியென்றால் என்ன என்று ராஜா கேட்டார். துரை பேச்சைத் தமிழில் சொல்ல வேண்டிய துபாஷி அருளாளனுக்கு மந்திரி பூவராகனின் பதவிமேல் நெடுநாளாகக் கண். வெள்ளைக்காரர் லேசில் சொல்லாத சொல் அது, மனம் பறிபோனால்தான் வாயில் வரும் என்று அளந்துவிட்டான்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி மனதைப் பறிகொடுத்த பொருளை அவருக்கே தந்துவிடுவது அந்த அரண்மனை வழக்கம். "துரையின் மனம் எதில் பறிபோகிறதோ, அது இனி துரைக்கே" என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டார்.

மறுநாள் அருளாளன் எல்லோரையும் பெரிய ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். ஏரி துரைக்குப் போனால், துரையின் ஆளாக மடை திறக்கும் அதிகாரம் தனக்கு வரும், மந்திரியும் தன்னிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்பது அவன் எண்ணம். துரை தண்ணீரைப் பார்த்தான்.

"நைஸ்" என்றான்.

சீமை முழுதும் குடிப்பதும் விதைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். செய்த சத்தியத்தை ராஜாவால் மீற முடியாது. ஜனங்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தாரை வார்க்கும் முன் துரை ஊரையும் சுற்றிப் பார்க்கட்டுமே என்றான் பூவராகன். அழைத்துப் போய் நிறுத்திய இடம், அருளாளன் புதிதாகக் கட்டிய மாடிவீடு. துரை "நைஸ்" என்றான். அருளாளன் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். துரை குழந்தையின் கன்னத்தைத் தட்டி, மறுபடியும் "நைஸ்" என்றான்.

"சாவியையும் பிள்ளையையும் கொடுத்துவிடுங்கள், துபாஷியாரே" என்றான் பூவராகன்.

அருளாளன் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தான். "பொய் சொல்லிவிட்டேன், மகாராஜா. நன்றாயிருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்வது அது. வெயிலடித்தாலும் சொல்வார்கள், கஞ்சி சூடாயிருந்தாலும் சொல்வார்கள். பிடிக்காததைக்கூட முகத்துக்கு நேரே பழிக்காமல், அதைச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள்."

மனம் பறிபோகவில்லையென்றால் சத்தியமும் செல்லாது, ஏரி நம்முடையதே என்றான் பூவராகன். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அருளாளனை ஏரிக்கரைக்கு மண் சுமக்க அனுப்பினார். பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"அப்படியானால், என் பாட்டு?"

பூவராகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நைஸ், மகாராஜா."

அதற்குப் பிறகு ராஜா பாடவே இல்லை.