மெரூன் கோட்டும் ஜடைத் தொப்பியும்

ஒரு மலை ஊர்ல ஒரு துணிக்கடை இருந்துச்சாம். எந்த மலை ஊருன்னு கேக்குறியா? ஊட்டிதான், வேறென்ன. கடை பேரு பனிப்பூ ஃபேஷன்ஸ். கடைக்கு முன்னாடி பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ள ஆளு உசரத்துக்கு ஒரு பொம்மை. அந்தப் பொம்மைக்கு மூக்கு உண்டு, கண்ணு கிடையாது. ஆனா போட்டிருக்கிற துணியைப் பாத்தா நீ வாயைப் பொளந்துருவ. முட்டி வரைக்கும் மெரூன் கலர் கோட்டு, அதுல உளுந்தவடை சைஸுல நாலு பட்டன். தலையில கம்பளித் தொப்பி, தொப்பி உச்சியில ஒரு பஞ்சுப் பந்து. காலுல பூட்ஸு, பூட்ஸுக்குள்ள பூனை முடி மாதிரி மெத்து மெத்துன்னு.

ம் கொட்டு. அப்பதான் சொல்லுவேன். ஆங், அப்படி.

அந்தக் கண்ணாடி முன்னாடி தினமும் சாயங்காலம் காலேஜ் விட்டதும் ஒரு பொண்ணு வந்து நிப்பா. பேரு ஜெனோவா. ஊட்டிக்காரி இல்ல. கீழ, ரொம்பக் கீழ, மணப்பாடுன்னு கடற்கரை ஊரு, அங்கேருந்து செடி கொடி பத்திப் படிக்க வந்தவ. அவங்க ஊர்ல மார்கழி மாசத்துலயும் விசிறி சுத்தும். ஸ்வெட்டருன்னா கைக்குழந்தைக்குப் போடுற சாமான்னுதான் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளை ஊட்டிக் குளிர்ல கொண்டு வந்து விட்டா என்ன ஆகும்?

கிடுகிடுகிடுன்னு ஆடுவா. பல்லு டக்கு டக்கு டக்குன்னு அடிச்சுக்கும். ரெண்டு சுடிதாரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, அதுக்கு மேல துண்டைச் சுத்திக்கிட்டு கிளாஸுக்குப் போவா. ஹாஸ்டல்ல அவ ரூம்ல இருந்த சுகன்யா கோத்தகிரிக்காரி. அவ மெல்லிசா ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, "இதெல்லாம் ஒரு குளிரா?"ன்னு ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே கேப்பா. ஜெனோவாவுக்கு அழுகையா வரும்.

டிசம்பர் வந்ததும் அவளுக்குக் கைவிரல் எல்லாம் வீங்கிப்போச்சு. செவசெவன்னு, அரிப்பு வேற. பென்சிலைப் பிடிச்சு இலை வரையணும், அதுதான் அவ படிப்பு. விரலு மடங்குனாத்தானே? ஒரு கோடு போட்டா கோணிக்கிட்டுப் போகுது.

அப்போ ஒருநாள் அம்மாவுக்குப் போன் போட்டா.

"எம்மா, கிறிஸ்மஸுக்கு வாரேன். வந்தா அப்புறம் இங்க வரமாட்டேன்."

"ஏட்டி, என்னட்டி சொல்லுத? யாரும் ஏதும் சொன்னாவளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. குளிரு தாங்கல."

அம்மா, "உனக்கு முடியலன்னா வந்துரு. நீ வரஞ்ச அந்தத் தாழம்பூப் படம் இங்க சுவத்துல ஒட்டியிருக்கு. வாரவங்க எல்லாம் பாத்துட்டுப் போறாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

சரி, ஊருக்குப் போறதுன்னு முடிவாச்சு. ஆனா அந்தக் கண்ணாடிக் கடை மட்டும் அவளை விடல. அவ ரெக்கார்டு நோட்டு ஒண்ணு வச்சிருந்தா. முன்பக்கம் எல்லாம் காலேஜ் வேலை, இலை, பூ, விதை. கடைசிப் பக்கத்துல அவளோட ஆசை. "குளிருக்கு வேணும்"னு தலைப்புப் போட்டு, கீழ வரிசையா மெரூன் கோட்டு, பந்து வச்ச தொப்பி, பூனைமுடி பூட்ஸு. பேரு மட்டும் எழுதல, படமும் போட்டிருந்தா. அவதான் எதைப் பாத்தாலும் வரையிறவளாச்சே. வரையும்போதே கொஞ்சம் மாத்தியும் வச்சிருந்தா. அவளுக்கு ஜடை இருக்கே, ஒலக்கை மாதிரி, இடுப்புக்குக் கீழ தொங்கும். அதனால தொப்பிக்குப் பின்னாடி ஜடை வர்றதுக்கு ஒரு ஓட்டை போட்டா. கோட்டுக் கையை நீளமாக்கி, நுனியில கம்பளியில மணிக்கட்டைக் கவ்வுற மாதிரி ஒரு பட்டை வச்சா. பூட்ஸுக்குப் பக்கத்துல, செருப்புக்குள்ள போடுற மாதிரி கட்டைவிரல் தனியா பிரிஞ்ச கனத்த சாக்ஸ் ஒண்ணு வரைஞ்சா. அதுக்கும் கீழ பொடி எழுத்துல இன்னொண்ணும் எழுதி வச்சிருந்தா. "கடைக்காரம்மா சிரிக்கவே மாட்டாங்க. எப்பவும் உம்ம்ம்."

சிரிக்காத. இப்பதான் வரப்போகுது வம்பு.

ஊருக்குப் போக ஒரு வாரம் இருக்கு. ஜெனோவா நினைச்சா, 'போறதுதான் போறோம், ஒரு தடவை போட்டாவது பாத்துருவோம்.' கேன்டீன் போண்டாவை எல்லாம் விட்டு மிச்சம் பிடிச்ச காசு கொஞ்சம் இருந்துச்சு. அதைக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டு, நோட்டை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, கதவைத் தள்ளுனா. டிங்... டிங்...

உள்ள பரிமளாம்மா, அதான் கடைக்காரம்மா, முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு, "என்ன வேணும்?"னாங்க.

"போட்டுப் பாக்கணும். அந்தப் பொம்மை போட்டிருக்கிற மூணும்."

பரிமளாம்மா எடுத்துக் குடுத்தாங்க. ஜெனோவா துணி மாத்துற ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டா.

மொதல்ல தொப்பி. ஜடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு அதுமேல தொப்பியை அமுக்குனா. விட்டதும் டொபுக்! மேல எகிறி விழுந்துச்சு. மறுபடி அமுக்குனா. டொபுக்!

அப்புறம் பூட்ஸு. மணல்ல வெறுங்காலோட ஓடி வளந்த காலு, விரலு விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். தம் பிடிச்சுத் திணிச்சா பாதிக்கு மேல போகல. வெளிய இழுத்தா அதுவும் வரல. ஒத்தக் கால்ல தத்தித் தத்தி, செவத்துல முட்டி, கடைசியில பொளக்குன்னு வந்துச்சு.

அப்புறம் கோட்டு. அதுக்குத்தானே வந்ததே. உள்ள கையை விட்டா, அப்பாடா, அப்படி ஒரு கதகதப்பு. கண்ணை மூடிக்கிட்டா. ஆனா அவ சின்னதுலேருந்து அப்பாகூட வலை இழுத்த பொண்ணு, தோளு நல்லா அகலம். பட்டனைப் போடலாம்னு ரெண்டு பக்கத்தையும் இழுத்தா...

டர்ர்ர்ர்.

முதுகுல. தோள்லேருந்து பாதி முதுகு வரைக்கும்.

கண்ணாடியில திரும்பிப் பாத்தா, வாய் பொளந்த மாதிரி கிழிசல். என்ன பண்றதுன்னே தெரியல. கழட்டி, மடிச்சு, கிழிசல் உள்ள போற மாதிரி வச்சு, வெளிய வந்து, "பத்தலைங்க"ன்னு கவுன்டர்ல வச்சுட்டு விறுவிறுன்னு நடந்தா. டிங் டிங்குன்னு கதவு சாத்துறதுக்குள்ள ரோட்டைத் தாண்டிட்டா.

ஹாஸ்டலுக்கு வந்து கட்டில்ல உக்காந்தப்பதான் அக்குளைத் தொட்டுப் பாத்தா. நோட்டு எங்க?

ம், அதேதான். அங்கேயே விட்டுட்டு வந்துட்டா.

அந்த நோட்டை வியாழக்கிழமை காலேஜ்ல குடுக்கணும். குடுக்கலன்னா பரிட்சைக்கே உக்காரவிட மாட்டாங்க. சுகன்யாகிட்ட எல்லாத்தையும் சொன்னா. சுகன்யா சொன்னா, "நீதான் திரும்பி வரப்போறதில்லையே. அப்புறம் நோட்டு எதுக்கு?"

ஜெனோவா யோசிச்சுப் பாத்தா. முப்பது இலை வரைஞ்சிருக்கா. வீங்குன விரலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு நரம்பா வரைஞ்சது. அது வேணும். அவளுக்கு அது வேணும்தான்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனா. வாசல் வரைக்கும் போனா, உள்ள பரிமளாம்மா கையில மெரூன் கோட்டு. வந்த வழியே திரும்பிட்டா. அதுக்கு அடுத்த நாள் போனா. கதவுல கையை வச்சா, எடுத்துட்டா. திரும்பிட்டா. மூணாவது நாள் புதன்கிழமை. அன்னைக்கு விட்டா நோட்டு போச்சு. மூச்சை இழுத்துப் பிடிச்சா, தள்ளுனா. டிங்... டிங்...

பரிமளாம்மா நிமிந்து பாத்தாங்க. உம்ம்ம்.

ஜெனோவா நோட்டைக் கேக்கத்தான் வந்தா. ஆனா வாயைத் திறந்ததும் வந்தது வேற.

"அந்தக் கோட்டை நான்தான் கிழிச்சேன். சொல்லாம ஓடிட்டேன். என்னை மன்னிச்சிருங்க. இதுல இருக்கிறதை எடுத்துக்கோங்க."

கைக்குட்டை முடிச்சை கவுன்டர்ல வச்சா. கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுது.

பரிமளாம்மா கைக்குட்டையைத் தொடல. மேசைக்கு அடியில கையை விட்டு நோட்டை எடுத்தாங்க. கடைசிப் பக்கத்தைத் திறந்தாங்க.

"இது நீ எழுதுனதா?"

"ஆமா."

"நான் எப்பவும் உம்முன்னு இருப்பேனா?"

ஜெனோவாவுக்குத் தரை பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

"கடவாப்பல்லும்மா. மூணு மாசமா வலி. வாயைத் திறந்தா குளிர்காத்து பட்டு விண்ணுன்னு இழுக்குது. சிரிக்கிறதா, பேசுறதா?"

"டாக்டர்கிட்ட போகலையா?"

"பிடுங்கணும்பாரு. பயம்."

இவ்வளவு பெரிய மனுஷி, பல்லு பிடுங்கப் பயம்! ஜெனோவா அழுகையோட அழுகையா களுக்குன்னு சிரிச்சுட்டா.

அப்புறம் பரிமளாம்மா கோட்டை எடுத்து விரிச்சுக் காட்டுனாங்க. "இங்க பாரு. துணி கிழியல, தையல்தான் விட்டுருக்கு. உனக்கு மட்டுமில்ல, இந்த வருஷம் நாலு பேருக்கு இதே மாதிரி. எங்கேயோ யாருக்கோ அளவெடுத்துத் தைச்சு அனுப்புறான், நம்ம பிள்ளைங்களுக்கு எங்க பத்தும்? போட்டுப் பாக்குறவங்க எல்லாம் பத்தலைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. எப்படி இருந்தா பத்தும்னு யாரும் சொல்றதில்ல. நீதான் படமே போட்டு வச்சிருக்க." அப்படின்னு சொல்லிட்டு பின்பக்கம் திரும்பி, "சின்னராசு அண்ணே, கொஞ்சம் வாங்க!"ன்னு கூப்பிட்டாங்க.

உள்ளேருந்து தையல்காரர் சின்னராசு கழுத்துல டேப்போட வந்தாரு. படத்தை இப்படிப் பாத்தாரு, அப்படிப் பாத்தாரு. "ஜடைக்கு ஓட்டையா? ஏன், போடலாமே"ன்னாரு. அவ்வளவுதான், தோளை அளந்தாரு, கையை அளந்தாரு, மிஷின்ல உக்காந்தாரு. கிர்ர்ர்ர்... கிர்ர்ர்ர்... தோள் தையலைப் பிரிச்சு, அதே கலர்ல ஒரு துண்டுத் துணி குடுத்து அகலமாக்குனாரு. கை நுனியில கம்பளிப் பட்டை வச்சாரு. தொப்பியை வெட்டி, ஓட்டையைச் சுத்தி ஓரம் அடிச்சாரு. கனத்த சாக்ஸுல கட்டைவிரலைத் தனியா பிரிச்சுத் தைச்சாரு.

ஜெனோவா மாட்டிக்கிட்டா. கோட்டு அவ மேல உக்காந்துச்சு பாரு, அவளுக்குன்னே பிறந்த மாதிரி. தொப்பிக்குப் பின்னாடி ஜடை ஜம்முன்னு வெளிய வந்து தொங்குது. சாக்ஸைப் போட்டு, அது மேல அவளோட ரப்பர் செருப்பையே மாட்டிக்கிட்டா. பூட்ஸு யாருக்கு வேணும்?

பரிமளாம்மா சொன்னாங்க, "இந்தப் படத்தை எனக்குக் குடு. பத்துப் பத்து தைச்சு ஜன்னல்ல வைக்கிறேன். படத்துக்குக் கூலி இந்தக் கோட்டு. சரியா?"

வேற யாராயிருந்தாலும் சரின்னு ஓடியிருப்பாங்க. இவ யோசிச்சா. "கோட்டை நான் கிழிச்சிருக்கேன். அதுக்குக் காசு வாங்கிக்கோங்க. படத்துக்குத் தொப்பியும் சாக்ஸும் குடுங்க, போதும்."

"பேரம் பேசத் தெரிஞ்ச பிள்ளைதான்!"னு பரிமளாம்மா கைக்குட்டை முடிச்சை எடுத்துக் கல்லாவுல போட்டுட்டு வாய்விட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சதும், "ஆ! ஸ்ஸ்ஸ்! அய்யோ"ன்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"வாங்க, இப்பவே டாக்டர்கிட்ட போவோம். நான் கையைப் பிடிச்சுக்கிறேன்"னா ஜெனோவா.

போனாங்களா? போனாங்க. பல்லு போச்சா? போச்சு. பரிமளாம்மா அவ கையை அமுக்குன அமுக்குல விரல் வீக்கமே வத்திருச்சுன்னு ஜெனோவா சுகன்யாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

வியாழக்கிழமை நோட்டைக் குடுத்துட்டா. கடைசிப் பக்கம் மட்டும் கடையில இருக்கு. ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு அம்மா போன் பண்ணாங்க. "எல்லாத்தையும் கட்டிட்டு வாரியாட்டி? பெட்டி தூக்க அப்பாவை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லவா?"

"வேண்டாம்மா. ஒரே ஒரு பைதான் கொண்டு வாரேன். மத்ததெல்லாம் இங்கயே கிடக்கட்டும்."

அம்மாவுக்குப் புரிஞ்சு போச்சு. "மீன் குழம்பு வைக்கேன், வா"ன்னாங்க.

தூங்கிட்டியா? இல்லையா? இன்னும் கொஞ்சம்தான்.

கிறிஸ்மஸ் முடிஞ்சு, ஜனவரியில திரும்பி வந்தா. ஒருநாள் காலையில, சூரியன் அப்பதான் எட்டிப் பாக்குது, கோட்டை மாட்டிக்கிட்டு மொத தடவையா அந்நேரத்துக்கு ஹாஸ்டலை விட்டு வெளிய வந்தா. வந்தா, அப்படியே நின்னுட்டா. முன்னாடி இருந்த புல்தரை முழுக்க வெள்ளை. பளபளன்னு மின்னுது.

"ஆத்தாடி, யாரு இவ்வளவு உப்பைக் கொட்டி வச்சது?"

மெதுவா காலை வச்சா. மொறு மொறு மொறு. குனிஞ்சு ஒரு சிட்டிகை எடுத்தா. நாக்குல வச்சுப் பாத்தா. உப்பில்ல. சில்லுன்னு ஒரு நொடி இருந்துச்சு, அப்புறம் வெறும் தண்ணி.

ஜன்னல்லேருந்து சுகன்யா தலையை நீட்டி, "ஏய், அது உறைபனி! தினமும்தான் விழுது, நீதான் போர்வையை விட்டு வெளிய வரல!"ன்னு கத்துனா.

ஜெனோவா, வெயில் ஏறி அது கரையிறதுக்குள்ள ஒரு புல்லையாவது பக்கத்துல பாத்துரணும்னு முட்டி போட்டு உக்காந்துட்டா.

அவ அங்க பாத்துக்கிட்டே இருக்கட்டும். நீ காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ, கண்ணை மூடிக்கோ. கதை இவ்வளவுதான், என் தங்கம், தூங்கு.