தங்கபுஷ்பம் மிஸ்ஸுக்கு வச்ச சிலை

ஒரு ஊர்ல ஒரு சிமெண்டுத் தரை இருந்துச்சு. அரண்மனையும் இல்ல, ஆத்தங்கரையும் இல்ல, வெறும் சிமெண்டுத் தரை. அதுல ஒரு கம்பம், கம்பத்துல ஒரு பலகை, பலகையில ஒரு இரும்பு ரிங்கு. எதிர்த்தாப்ல இன்னொரு கம்பமும் இருந்துச்சு, அது புயல்ல சாஞ்சு போச்சு. பொம்பளப் பிள்ளையளு பள்ளிக்கூடத்துக்கு ஒத்த ரிங்கு போதும்னு விட்டுட்டாவ. ஏட்டி, ம் கொட்டு. அத்தை என்ன சுவத்துக்கா கதை சொல்லுதேன்?

ம்.

ஆங். அந்தத் தரையில காலையில அஞ்சரைக்கு ப்ர்ர்ரீங்னு விசில் சத்தம் கேக்கும். யாரு? தங்கபுஷ்பம் மிஸ். பேஸ்கட்பால் சொல்லிக் கொடுக்கிற மிஸ். நெட்டையா, கருப்பா, எப்பப் பாத்தாலும் நீல டிராக் பேண்ட்டு, மேல ஒரு ஆம்பளச் சட்டை. ரிங்குக்கு நேர் கீழதான் நிப்பாவ. பிள்ளையளு பந்து போட்டா, உள்ள விழுந்தாலும் வெளிய விழுந்தாலும் சடக்குன்னு புடிச்சு, "இன்னொண்ணு போடு, இந்தா"ன்னு திருப்பித் தருவாவ. தலையில எத்தனை தடவ டொம்முன்னு விழுந்திருக்கு தெரியுமா! "அது ஒண்ணும் செய்யாது, நீ போடுட்டீ"ம்பாவ.

அந்த டீமுக்குக் கேப்டன் சண்முகவடிவு. பன்னெண்டாங் கிளாஸு. அவ அப்பா ஐஸ் கம்பெனில வேலை பாத்தாரு. பரீட்சை முடிஞ்சதும் பிள்ளையக் கட்டிக் கொடுத்துரணும்னு மாப்பிள்ளை கூடப் பாத்து வச்சாச்சு. அப்போ மிஸ் என்ன செஞ்சாவ, நேரா ஐஸ் கம்பெனிக்கே போயி, "அண்ணாச்சி, விளையாட்டுக் கோட்டாவுல இவள காலேஜுல சேத்துருதேன், படிக்க விடுங்க"ன்னு கேட்டாவ. அவரு யோசிச்சு யோசிச்சு, "சரி, மாவட்டத்துல ஜெயிச்சிட்டு வரச் சொல்லுங்க. ஜெயிச்சா காலேஜு, தோத்தா கல்யாணம்"னுட்டாரு. பந்தயங் கட்டுத மாதிரி! பெத்த பிள்ளை வாழ்க்கைய! ஆனா வாக்குன்னா வாக்கு, மாற மாட்டாரு.

அப்புறம் ஆடி மாசம் மிஸ்ஸுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாவ.

ம்...

ஆமா. ஊரே அழுதுச்சு. பொய்யழுகை இல்ல, நெசமாவே அழுதாவ. மிஸ்கிட்ட விளையாண்டு பெரிய வேலைக்குப் போன அக்காமாரு எல்லாம் வந்தாவ. "மிஸ்ஸுக்கு எதாவது செய்யணும்"னாவ. சாஞ்ச கம்பத்த நிமுத்தலாம்னு ஒருத்திக்காவது தோணணுமே! தோணல. சிலை வைக்கணும்னாவ. எங்க வைக்கணும்? "மிஸ் எப்பவும் ரிங்குக்குக் கீழதான நிப்பாவ, அங்கயே வப்போம்"னாவ. நாப்பத்தோராம் நாளு சிலை நின்னுட்டு. கழுத்தளவுக்குப் பீடம், அதுக்கு மேல முழு உருவம், தங்கக் கலர் பெயிண்டு. சேலை கட்டி விட்டிருந்தாவ! உசுரோட இருக்கையில மிஸ் சேலை கட்டி ஒருத்தரும் பாத்ததில்ல.

மாலை போட்டாவ, விளக்கேத்துனாவ. விளக்கேத்திட்டா அது சாமிதான? அப்புறம் ஷூ போட்டுத் தரையில ஏறக் கூடாதுன்னாவ. பந்து மேல பட்டா பாவம்னாவ. ரிங்கக் கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாவ. மாவட்டப் போட்டிக்கு முழுசா ஒரு மாசம் கூட இல்ல.

வடிவு மொதல்ல ஹெச்செம் அம்மாகிட்ட ஓடுனா. "சிலைய அந்த ஓரமா தள்ளி வச்சா நாங்க விளையாடலாம் மேடம்." அந்த அம்மா, "மாலை போட்ட சிலைய அசைக்கலாமா? உனக்கு நன்றி இருக்காட்டீ?"ன்னு ஏசி அனுப்பிட்டாவ.

அப்புறம் அமலோற்பவம் அக்காகிட்ட போனா. மிஸ்கிட்ட விளையாண்டுதான் அந்தக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆனது. அதுக்காவது புரியும்லா? அக்கா வடிவக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழுதுச்சு. "மிஸ்ஸ விட விளையாட்டாட்டீ பெருசு?"ன்னு கேட்டுச்சு. ஏட்டி, மிஸ்ஸுக்கு விளையாட்ட விட எதுட்டீ பெருசா இருந்துச்சு? கேப்பாரு இல்ல.

மூணாவதா மிஸ்ஸோட அம்மாகிட்ட கேக்கப் போனா. அந்தம்மா தினம் ஈரத்துணி கொண்டு வந்து சிலையோட காலத் தொடைக்கும். "ஒத்தையா இருந்த எம்மவளுக்கு ஊரே கூடி எடம் குடுத்துட்டு, தாயி"ன்னு சொல்லிச்சு. வடிவும் துணிய வாங்கி இன்னொரு கால தொடச்சிட்டு வந்துட்டா. முழிச்சிருக்கியா?

ம்.

டீம் பிள்ளையளு ஆம்பளப் பயலுவ பள்ளிக்கூடத்துலயும் எடங் கேட்டாளுவ. "பொட்டப் பிள்ளையளுக்கு இங்க என்ன சோலி?"ன்னுட்டாவ. அப்போ வடிவு வீட்டுப் பின்சுவத்துல கரிக்கட்டியால வட்டம் போட்டு, அதுல எறிஞ்சு எறிஞ்சு பழகுனா. தப் தப் தப். சுவத்துல போட்ட வட்டத்துல பந்து பட்டுத் திரும்புமே ஒழிய, உள்ள விழுமா?

போட்டி வந்துச்சு. ஒண்ணு ஜெயிச்சாளுவ, ரெண்டு ஜெயிச்சாளுவ, ஃபைனலுக்கே போயிட்டாளுவ! கடைசி நிமிசம். ஒத்தப் பாயிண்டு பின்னால. வடிவுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ கெடச்சுச்சு, கோட்டுல நின்னு யாரும் மறிக்காம பந்து போடுறது. ஒண்ணு விழுந்தா சமம், ரெண்டும் விழுந்தா காலேஜு. மொதப் பந்து... டங்! வெளிய. ரெண்டாவது பந்து ரிங்குல கிர்ர்ருன்னு சுத்திச்சு, சுத்திச்சு, சுத்திச்சு... வெளிய வந்துட்டு. விழுந்த பந்த எடுத்துத் தர ஆளில்ல, "இன்னொண்ணு போடு"ங்க ஆளில்ல. விசில் ஊதிட்டாவ.

அப்பா ஏசவே இல்ல. ஏசியிருந்தா கூட வடிவு சண்ட போட்டிருப்பா. சொன்ன சொல்லு மாறாம, பரீட்சையும் முடிஞ்சு, அவளுக்குப் பதினெட்டு முடிஞ்ச மறு வாரம் முகூர்த்தம் குறிச்சிட்டாரு. கல்யாணம் முடிஞ்சுது.

அடுத்த ஆடில மிஸ்ஸுக்கு வருச நினைவு நாளு. பழைய பிள்ளையளு எல்லாரும் வந்தாவ. வடிவும் பட்டுச்சேல கட்டி, மாப்பிள்ளையோட வந்தா. "நீதான் கேப்டன், நீ ரெண்டு வார்த்த பேசு"ன்னு மைக்கக் குடுத்தாவ. அவ செருப்பக் கழட்டி வச்சுட்டு, சுடுற தரையில நடந்து, சரியா ஃப்ரீ த்ரோ கோட்டுல போயி நின்னா. சிலையவே பாத்தா. அப்புறம் சொன்னா:

"மிஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க மிஸ். நான் பந்து போடணும்."

அவ்வளவுதான், மைக்கக் குடுத்துட்டா. ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கல. பாவம், மிஸ் மேல அம்புட்டு பாசம்னு நெனச்சு எல்லாரும் கை தட்டுனாவ. அமலோற்பவம் அக்காதான் ரொம்ப நேரம் தட்டுச்சு.

அத்த... சிலை தள்ளி நின்னுச்சா?

எங்கட்டீ தள்ளி நிக்கும்? உசுரோட இருந்த மனுசின்னா சொல்லுததுக்கு முந்தியே தள்ளி நின்னிருப்பா. சரி, என் வாயும் ஓஞ்சுது, கதையும் ஓஞ்சுது. கண்ண மூடிப் படு.